ராம்கலிக்கு நோயில்லை

ஜம்புலிங்கத்துக்கு அந்தமான் காட்டில் மரம் வெட்டும் அந்தக் கேம்பில் இரண்டு வேலை. பகலில் வெட்டிய மரங்களுக்குக் கணக்கு எழுதும் ரைட்டர். காலையும் மாலையும் போர்ட் பிளேரிலிருந்த கம்பெனி ஆபீசோடு வயர்லெஸ்ஸில் பேசுகிறவரும் அவரே. வயர்லெஸ் பெட்டிக்கு மேலே பழனியாண்டவர் படம் ஒன்று மாட்டியிருந்தார். பேசத் தொடங்குமுன் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். சாமி துணையில்லாமல் அந்தப் பழைய பெட்டி வாய் திறக்காது என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வது சரிதான் என்று அவருக்கே ஒரு எண்ணம்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் மாலை அவர் அனுப்பிய செய்தி, பாகன் கோவிந்தராஜின் மனைவி மரகதத்துக்குக் கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், லாஞ்ச் அனுப்ப வேண்டும் என்பது. பதில் உடனே வந்தது. லாஞ்ச் மரத்துக்கும் யானைக்கும்தான். மாத்திரை கொடுத்து அடுத்த ஸ்டீமரில் அனுப்பவும்.

அடுத்த ஸ்டீமர் தீபாவளி கழித்துத்தான் லாங் ஐலண்டுக்கு வரும். அந்தத் தீவு கேம்புக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆனால் வாடைக் காற்று தொடங்கிவிட்டது. உப்பங்கழியை விட்டு வெளியே போனால் கடல் ஆளுயரம் எழும்பியது. கேம்பில் இருந்ததோ மரத்தைக் குடைந்து செய்த டுங்கிப் படகு ஒன்று. அதில் கழிமுகம் வரை போகலாம், அதற்கு மேல் போனவர்கள் திரும்புவதில்லை. அப்படியே லாங் ஐலண்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் வயிற்றைக் கீறி வைத்தியம் செய்வது போர்ட் பிளேரில்தான். காட்டுக்குள் ரோடு கிடையாது.

ஜம்புலிங்கம் தன் மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரை கொடுத்தார். கோவிந்தராஜ் ஊர் வழக்கப்படி ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினான். விடியும்போது மரகதம் முழங்காலை மடக்கிக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"காலை நீட்டினா உசிரு போகுதுங்கறா ரைட்டரய்யா" என்று கோவிந்தராஜ் வந்து நின்றான்.

"மறுபடியும் கேட்டுப் பார்க்கிறேன்."

"என்னங்க சொல்லுவாங்க?"

"அதேதான் சொல்லுவாங்க."

கோவிந்தராஜ் ஆனைமலைப் பக்கத்து ஆள். அதிகம் பேசமாட்டான். வாசல் கட்டையை விரலால் சுரண்டிக்கொண்டே சொன்னான்: "போன வருஷம் ராம்கலி காலுல முள்ளு ஏறுனப்ப அடுத்த நாளே லாஞ்சு வந்துதுங்களே."

"அது கம்பெனி சொத்துப்பா. கல்கத்தாவிலேருந்து கப்பலேத்திக் கொண்டாந்த யானை."

"மரகதத்தையும் நான் மெட்ராஸிலேருந்து கப்பல்லதானுங்க கொண்டாந்தேன்."

மரகதம் அந்தக் கேம்பில் பாகன்களுக்கெல்லாம் சோறு வடித்துப் போட்டவள். ஒரு தகர டப்பாவில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கப்பலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இந்தச் சேற்று மண்ணில் பிழைக்க வைத்தவள். உப்புக் குறைவென்று யாராவது சொன்னால், "கடல் பக்கத்துலதான் இருக்குது, போய் ஒரு கை அள்ளிக்கோ" என்பாள். அவள் பேச்சு இல்லாமல் கேம்ப் இரண்டு நாளாக வெறிச்சென்று கிடந்தது.

"ராம்கலிக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா?" என்றார் ஜம்புலிங்கம், தன்னிடமே கேட்பது போல.

"வருவாங்களா?"

"வயித்து உப்புசம்னா வரமாட்டாங்க. இஞ்சியும் கருப்பட்டியும் குடுங்கன்னு சொல்லி முடிச்சிருவாங்க. சொன்னா பெரிசாச் சொல்லணும்."

கோவிந்தராஜுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. பாகன்கள் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அது' என்பார்கள், அதையும் யானைக்குக் கேட்காத இடத்தில்தான்.

"அதையா சொல்லப் போறீங்க?"

"நீ அந்தப் பக்கம் போ கோவிந்து. உன் காதுல விழ வேண்டாம்."

அவன் ராம்கலி கட்டியிருந்த இடத்துக்குப் போய், அவள் காது மடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டே நின்றான். குடிசைக்குள் ஜம்புலிங்கம் பெட்டியை முடுக்கினார். அன்றைக்கு அவர் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ராம்கலிக்கு அடைப்பான், யானையையும் மனிதனையும் ஒட்டிக் கொல்லும் அந்த நோய், கண்டிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். ஐம்பது வயதுக்கு அவர் சொன்ன முதல் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் யோசித்து, வார்த்தை தேர்ந்து சொன்ன முதல் பொய் அதுதான்.

லாஞ்ச் மறுநாள் காலை வரும் என்று பதில் கிடைத்தது.

மரகதத்திடம் சொன்னபோது அந்த வலியிலும் உதட்டைக் கோணினாள். "அவ பேரைச் சொல்லி எனக்கு வண்டி புடிக்கிறீங்களா? அவளுக்குத் தெரிஞ்சா என்னை மிதிச்சுப் போடுவா."

அன்று இரவு வலி நின்றுவிட்டது.

மெல்லக் குறையவில்லை, சட்டென்று நின்றது. இழுத்துக் கட்டிய கயிற்றை யாரோ வெட்டிவிட்டது போல இருந்தது என்று மரகதம் சொன்னாள். இரண்டு நாளைக்குப் பிறகு கண் அயர்ந்தாள். காலையில் வெந்நீர் கேட்டு வாங்கி இரண்டு வாய் குடித்தாள். கோவிந்தராஜ் வெளியே வந்து கேம்ப் முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். ஜம்புலிங்கம் படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொய்யை மன்னித்து, வந்த காரியத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டாயே என்று அவருக்குக் கண் கலங்கியது. இனி லாஞ்ச் வந்தால் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் கவலை.

அதனால்தான் கழிமுகத்தில் இஞ்சின் சத்தம் கேட்டபோது யாரும் ஓடவில்லை. வழக்கமாக லாஞ்ச் உள்ளே வந்து கேம்ப் ஜெட்டியில் கட்டும். லாஞ்ச் ஓட்டும் சாரங்கு மீரான் இறங்கி மரகதம் கையால் டீ குடிப்பார். இந்தத் தடவை அது உள்ளே வரவில்லை. அடைப்பான் கண்ட மண்ணை மிதிக்கக் கூடாது என்று உத்தரவாம். என்னவென்று பார்த்துவர டுங்கியில் போன கேம்ப் கூலியாள், ராஞ்சிக்காரன் பிர்சா, டாக்டரையும் அவருடைய பையையும் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினான். டுங்கி பாதி வழி வருவதற்குள் லாஞ்ச் வடக்கே திரும்பிப் போய்விட்டது. கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதே நல்லது என்று அந்த ஒரு நிமிஷம் ஜம்புலிங்கம் நினைத்தார். அந்த நினைப்பை அவர் பிறகு வெகுகாலம் சுமந்தார்.

வந்தவர் மிருக வைத்தியர் இராமகிருஷ்ணன். தென்காசிப் பக்கத்து இளைஞர், போர்ட் பிளேரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் தனியாகக் குடியிருந்தார், தீவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ராம்கலியிடம் போனார். அவள் மூங்கில் தழையை உதறி உதறித் தின்றுகொண்டிருந்தாள். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சாணத்தைக் குச்சியால் கிளறினார்.

"இதுக்கு ஒண்ணுமில்லையே."

"இல்லீங்க" என்றான் கோவிந்தராஜ்.

"இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். ஜம்புலிங்கம் கை கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? வடக்கே இருக்கிற அத்தனை கேம்புக்கும் இப்ப லாஞ்ச் தடுப்பூசி எடுத்துக்கிட்டுப் போகுது. எல்லா இடத்திலேயும் வேலை நிக்கும். லாஞ்ச் என்னைக் கூட்டிப் போக எப்ப திரும்புமோ."

"தப்புத்தான் சார். என்ன தண்டனை வந்தாலும் நான் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு ராத்திரியே வலி நின்னுடுச்சு. உங்களை வீணா அலைய வச்சதுதான் மிச்சம்."

டாக்டர் பையின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எந்த இடத்துல வலிச்சுது?"

கோவிந்தராஜ் தன் அடிவயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"திடீர்னு நின்னுதா?"

"ஆமாங்க. கயித்தை வெட்டுன மாதிரின்னா."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு குடிசைப் பக்கம் வேகமாக நடந்தார்.

மரகதம் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "வயித்தைத் தொட்டுப் பார்க்கணும் அக்கா" என்றார் அவர் தயங்கி.

"மாட்டு டாக்டர்தானுங்களே. பாருங்க, எனக்கென்ன வெக்கம்."

அவர் சிரித்தார். கையை வைத்தபோது சிரிப்பு நின்றது. வயிறு பலகை போல இறுகியிருந்தது. நாடி வேகமாக ஓடியது. நெற்றி கொதித்தது, கால் விரல்கள் சில்லிட்டிருந்தன. "தூங்குங்க அக்கா, தண்ணி மட்டும் இப்ப குடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"குடல்ல ஒரு சின்னத் துண்டு பழுத்து உடைஞ்சிருக்கு" என்றார். "அதனாலதான் வலி நின்னுது. இப்ப உள்ளே சீழ் பரவிக்கிட்டிருக்கு. வயித்தைத் திறந்து சுத்தம் பண்ணினாத்தான் பிழைப்பாங்க. இன்னிக்கே பண்ணணும்."

கோவிந்தராஜ் அவர் பையைப் பார்த்தான். "நீங்க பண்ண முடியாதுங்களா?"

"முடியாது."

"போன வருஷம் ராம்கலி காலைக் கிழிச்சு ஒரு டாக்டரு சீழ் எடுத்தாருங்களே."

"அது வேறப்பா. இது என்னால முடியாது. என் கையில உன் மனைவி செத்துப்போவாங்க."

பிறகு கோவிந்தராஜ் கேட்டான்: "நான் விளக்கெண்ணெய் ஊத்துனனுங்க. அது தப்புங்களா?"

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். குடல் பழுத்திருக்கும்போது பேதி மருந்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்லை" என்றார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

அதுவும் ஒரு பொய்தான். ஆனால் ஒருவன் மிச்ச ஆயுளுக்கும் தலையில் சுமக்க வேண்டியதை இன்னொருவன் ஒரே வார்த்தையில் இறக்கி வைக்கும்போது, கடவுள் அதை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வார் என்று நமக்கு யார் சொல்ல முடியும்?

யானைகளுக்கென்று கொண்டுவந்த பென்சிலின் அவர் பையில் இருந்தது. மனுஷருக்குப் போட அவருக்கு உரிமையில்லை, அளவும் உத்தேசம்தான். "ராம்கலிக்குப் போடறதை அவளுக்கும் போடுங்க சாமி" என்றான் கோவிந்தராஜ். போட்டார்.

ஜம்புலிங்கம் பெட்டிக்கு ஓடி உண்மையைச் சொன்னார். யானைக்கு நோயில்லை, நான் சொன்னது பொய், லாஞ்சைத் திருப்புங்கள் என்றார். லாஞ்சில் வயர்லெஸ் கிடையாது என்று எதிர்முனை சொல்லிற்று. பிறகு அவரை நேரில் வந்து பதில் சொல்லச் சொல்லிற்று.

டாக்டர்தான் வழி கண்டுபிடித்தார். லாஞ்ச் முதலில் நிற்பது அடுத்த கேம்பில். அங்கே யானைகள் அதிகம். கூடப் போயிருக்கும் கம்பவுண்டர் ஊசி போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகும். கடல் வழி முனையைச் சுற்றிப் போக வேண்டும், மரம் இழுக்கிற காட்டுத்தடம் நேர்வழி. யானைமேல் போனால் பிடித்துவிடலாம்.

ராம்கலியை உட்கார வைத்தார்கள். சாக்கும் வைக்கோலும் பரப்பி மரகதத்தைப் படுக்க வைத்து, நழுவாமல் துணியால் கட்டினார்கள். ஜம்புலிங்கம் காட்டுத்தடம் தொடங்கும் இடம் வரை கூட வந்தார். அவள் கையில் விபூதி மடித்த காகிதத்தைக் கொடுத்து, "போயிட்டு வாம்மா" என்றார்.

"கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துங்கண்ணா" என்றாள் மரகதம். "சோறு கழுவுன தண்ணி. வெந்நீர் ஊத்திக் கொன்னு போடாதீங்க."

அந்தத் தடத்தில் ராம்கலி மரம் இழுத்துப் பழகியவள். வேர் எங்கே, பள்ளம் எங்கே என்று அவளுக்குத் தெரியும். கழுத்தில் உட்கார்ந்து கோவிந்தராஜ் அவளை ஒரு முறைகூட அதட்டவில்லை. டாக்டரும் பிர்சாவும் இருபுறமும் நடந்தார்கள். அட்டை ஏறியது, மழை பிடித்தது. முதலில் மரகதம் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று டாக்டர் கேட்டார்.

"பஸ் ஆ கயா சாப்" என்றான் பிர்சா, வந்துவிட்டது என்று. வெகுநேரமாக அவன் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

தடம் முடிந்து கேம்ப் தெரிகிற இடத்தில் குறுக்கே நெருப்பு எரிந்தது. நெருப்புக்குப் பின்னால் மூங்கில் கழிகளோடு ஆட்கள். காது கிழிந்த ராம்கலியை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ருக்கோ" என்று கத்தினான் ஒருவன். "அந்த யானை உள்ளே வரக் கூடாது."

டாக்டர் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போனார். "நான் டாக்டர். இந்த யானைக்கு நோயில்லை."

அந்தக் கேம்ப் மேஸ்திரி வயதான தெலுங்கர். மரியாதையாகத்தான் பேசினார். "சாப், இருக்குன்னு சொல்லி மத்தியானம் எங்க யானைக்கெல்லாம் ஊசி போட்டாங்க. மனுஷனும் செத்துப்போவான், தொடாதேன்னாங்க. இப்ப இல்லைன்னா நான் எதை நம்பறது? என்கிட்ட நாப்பது பேர் இருக்காங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. யார்மேலும் கோபப்பட முடியாத இடத்தில் மனிதன் படும் பாடு தனி. டாக்டர் வாதாடிப் பார்த்தார். நேரம் போயிற்று. கடைசியில் ராம்கலியை நெருப்புக்கு அந்தப் பக்கமே ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மரகதத்தை வேட்டித் தூளியில் போட்டு மூவரும் தூக்கினார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். தோள் கொடுக்க யாரும் வரவில்லை.

கேம்ப் கடைக்காரர் உதுமானின் மனைவி லத்தீபா மட்டும் கடை மறைப்பை விட்டு வெளியே வந்தாள். "கிட்டப் போகாதே புள்ள" என்று உதுமான் உள்ளேயிருந்து சொன்னார். அவள் ஒரு துணியைச் செம்பில் நனைத்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கட்டைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். டாக்டர் அதை எடுத்து மரகதத்தின் உதட்டில் வைத்தார். அவள் ஈரத்தை உறிஞ்சினாள்.

ஜெட்டிக்கு வந்தபோது லாஞ்ச் கிளம்பியிருந்தது. நீர் வற்றிக்கொண்டிருந்தது, இனி தாமதித்தால் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று சாரங்கு அவசரப்பட்டிருந்தார். டாக்டர் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் கத்தினார். மீரான் பார்த்தார். நீர் போகிற நிலைமையையும் பார்த்தார். பிறகு லாஞ்சைத் திருப்பினார். அடிப்பக்கம் சேற்றை உரசிக்கொண்டே ஜெட்டியை ஒட்டினார்.

"யாரு, நம்ம மரகதமா?" என்று எட்டிப் பார்த்தவர் வேறெதுவும் கேட்கவில்லை. தன் படுக்கையை விரித்தார். நோய் இல்லையென்று டாக்டர் சொல்ல ஆரம்பித்ததும், "தூக்குங்க சாப், பிறகு பேசலாம்" என்றார்.

தூக்கி வந்த மூவரையும் ஏற்றிக்கொண்டு லாஞ்ச் தெற்கே போர்ட் பிளேருக்குத் திரும்பியது. ராத்திரி முழுக்க அலை தூக்கிப் போட்டது. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். அதனால் பயனில்லை என்று அறிந்தே போட்டார். சும்மா உட்கார்ந்திருப்பதைக் கோவிந்தராஜ் பார்க்கக் கூடாது என்பதற்காக. மரகதம் கணவன் கையைப் பிடித்திருந்தாள். ஒரு தடவை, "ராம்கலிக்குத் தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டாள். "தெரியாது, நீ தூங்கு" என்றான் அவன். கிழக்கு வெளுத்தபோது அந்தக் கை தளர்ந்தது. கோவிந்தராஜ் அதை விடாமல் தன் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தான்.

மீரான் இஞ்சினைக் குறைத்துவிட்டு வந்து தலையிலிருந்த துண்டை எடுத்தார். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்: "தம்பி, எங்கே போகட்டும்?"

போர்ட் பிளேருக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அங்கே அவளுக்கு யாருமில்லை.

"ராம்கலி அங்க கட்டிக் கிடக்குதுங்க" என்றான் கோவிந்தராஜ். "கிட்ட யாரும் போகமாட்டாங்க. நேத்துக் காலையிலிருந்து அதுக்குத் தண்ணி காட்டலீங்க. அங்கயே போங்க."

கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று கம்பவுண்டர் முணுமுணுத்தார். "நான் சொல்லிக்கிறேன்" என்றார் டாக்டர். மீரான் திருப்பினார்.

ராம்கலியைக் கட்டிப் போட்ட கேம்பை அவர்கள் அடைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கோவிந்தராஜ் ஜெட்டியில் இறங்கி, யாரையும் பார்க்காமல் ராம்கலி நின்ற மரத்துக்கு நடந்தான். தவித்துப் போயிருப்பாள், சங்கிலியை இழுத்துக் காலைப் புண்ணாக்கியிருப்பாள் என்று நினைத்தான். அவள் அமைதியாக நின்றாள். முன்னால் பாதி வெட்டிய இரும்பு டிரம் ஒன்று இருந்தது. நீளக் கம்பால் அதைத் தள்ளிக்கொண்டு வந்த தடம் சேற்றில் தெரிந்தது. டிரம்மிலிருந்து கேம்ப் பக்கமாக, ஊற்றுத் தண்ணீர் கொண்டுவர வைப்பதுபோல, பிளந்த மூங்கில்களை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்துக் கவட்டைக் குச்சிகளில் நிறுத்தியிருந்தது. அதன் மறுமுனையில் லத்தீபா குடத்தைச் சரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மூங்கில் வழியே மெல்ல ஓடி வந்து டிரம்மில் விழுந்தது. ராம்கலி துதிக்கையை விட்டு உறிஞ்சினாள்.

அவனைக் கண்டதும் லத்தீபா குடத்தை நிமிர்த்தினாள்.

"கிட்ட வரப் பயமா இருந்துச்சு அண்ணே" என்றாள். "இங்கிருந்தே ஊத்திப் பார்த்தேன். குடிக்குது. ஆனா எவ்வளவு ஊத்தினாலும் பத்தல."

"போதும்மா" என்றான் கோவிந்தராஜ்.

"அக்காவுக்கு?"

அவன் டிரம்முக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்தான். லத்தீபா, அவன் எழுந்திருக்கிற வரைக்கும் யானைக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும் என்று, இன்னொரு குடம் மொள்ளப் போனாள்.